சங்குப்பூ எந்தத் தீவுச் செடி?

கேள்வி: எங்கள் புளோக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் சங்குப்பூக் கொடி படர்ந்திருக்கிறது. பலகையில் 'கிளிட்டோரியா டெர்னாட்டியா' என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) அதைப் பறித்துச் சோற்றுக்கு நீல நிறம் சேர்ப்பார், 'புங்கா தெலாங்' என்பார். டெர்னாட்டியா என்றால் மூவிலை என்று தோழி ஒருத்தி சொன்னாள், சரிதானா? வெள்ளைச் சங்குப்பூ வேறு செடியா?
- ஈசூன் வாசகி

பதில்: மூவிலை இல்லை. ஓர் இலையைப் பறித்து எண்ணிப் பாருங்கள், ஐந்தோ ஏழோ சிற்றிலைகள் இருக்கும். மூன்றாகப் பிரிந்த இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் இதே போல ஒலிப்பதால் வந்த குழப்பம் அது. டெர்னாட்டியா என்பது ஊர்ப்பெயர். இந்தோனேசியாவின் மாலுக்கு தீவுகளில், ஹல்மஹேராவுக்கு மேற்கே, எரிமலையே தீவாக எழுந்து நிற்கும் டெர்னாத்தே, ஒருகாலத்தில் கிராம்புக்காகப் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் மோதிக்கொண்ட இடம். 1753-இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தத் தீவின் பெயரையே சிற்றினப் பெயராக வைத்தார். பேரினப் பெயரான கிளிட்டோரியா பூவின் வடிவத்தை வைத்து வந்தது, பெண்ணுறுப்பின் ஒரு பகுதியின் பெயர்தான், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நம்மவர்கள் அதே வடிவத்தில் சங்கைக் கண்டார்கள்.

பெயரில் தீவு இருப்பதால் செடி அங்கேதான் பிறந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லின்னேயஸுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் 'செருவிளை மணிப்பூங் கருவிளை' என்று இது வந்துவிட்டது. கருவிளை நீலம், செருவிளை வெள்ளை என்று பொருள் சொல்வார்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த அந்தக் கண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் தாவரவியலில் இரண்டும் ஒரே சிற்றினம். வெள்ளைப் பூவில் அந்த நீல நிறமி இல்லை, அவ்வளவுதான். அடுக்கு இதழ்ச் சங்குப்பூவும் இதே செடிதான். வகைப்படுத்தும்போது நிறத்தைவிடப் பூவின் அமைப்பைத்தான் அதிகம் நம்புவார்கள். அவரைக் குடும்பத்துப் பூக்களில் பெரிய இதழ் வழக்கமாக மேல்பக்கம் நிமிர்ந்து நிற்கும், சங்குப்பூவிலோ பூவே தலைகீழாகத் திரும்பி அந்த இதழ் கீழே விரிந்துகிடக்கும், அதன்மேல் வந்து உட்காரும் தேனீயின் முதுகில் மகரந்தம் ஒட்டும். நாளைக் காலையில் கீழே இறங்கும்போது பக்கத்திலேயே இருக்கும் வேறு அவரைப் பூவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சட்டென்று தெரியும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர்களிடம் சொல்லி, பலகையில் புங்கா தெலாங்கையும் கருவிளையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.