அடுப்படியில் நின்றபடி

அன்புள்ள ஐயா,

எனக்கு 43 வயது. கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். தனியார் பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். மாமியார் பக்கவாதத்தில் படுத்ததும் வேலையை விட்டுவிட்டு ஆறு ஆண்டுகள் அவரைப் பார்த்துக்கொண்டேன். சென்ற ஆடியில் அவர் காலமானார். இப்போது நேரம் இருக்கிறது, எதற்கும் துணிவுதான் இல்லை. வங்கியில் படிவம் நிரப்பினால் கை நடுங்குகிறது. தலையை ஒழுங்காக வாருவதில்லை. மதியம் சட்டியில் மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடியே தின்றுவிடுகிறேன். யூடியூபில் தன்னம்பிக்கைப் பேச்சுகள் கேட்கிறேன். கேட்டு முடிக்கும்வரை தெம்பாக இருக்கிறது. நம்பிக்கை வந்தபின் மறுபடியும் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். அதை எப்படி வரவழைப்பது?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் அடுப்படியில் நின்றபடி உண்பதைப் பற்றிய வரியை நான் இரண்டு முறை படித்தேன். படுத்த படுக்கையாகிவிட்டவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் என்பதை அறிந்து, இரவிலும் எழுந்து அதைச் செய்த கைகள் உங்களுடையவை. அந்தக் கவனிப்பில் ஒரு பிடிகூட உங்கள் பக்கம் வரவில்லை, இன்றும் வரவில்லை என்பதைத்தான் அந்த வரி எனக்குச் சொன்னது.

நம்பிக்கை வந்தபின் செயல் என்று நீங்கள் போட்டிருக்கும் வரிசையை மாற்றிப் போட வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு காரியம் தன்னால் ஆகும் என்ற எண்ணம் மனிதருக்கு எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 1977இல் அதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், பிறர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லித் தேற்றுவது, அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதே வலுவானது என்றார். பாம்பென்றாலே நடுங்குகிறவர்களை வைத்து அவர் செய்த சோதனையில், பிறர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களைவிட, முதலில் கையுறையோடும் பிறகு வெறுங்கையாலும் தொட்டு, கடைசியில் மடியில் ஊரவிடும் அளவுக்குப் படிப்படியாகப் போனவர்களே அதிகம் தேறினார்கள். நீங்கள் யூடியூபில் தேடிக்கொண்டிருப்பது மூன்றாவது ஊற்றை. அதன் ஈரம் பேச்சு முடிந்ததும் காய்ந்துவிடுவதில் வியப்பில்லை.

நான்காவதையும் நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். காலையில் வெறும் காபியோடு வங்கிக்குப் போனால் யாருக்கும் கை சற்று நடுங்கக்கூடும். ஆனால் ஏற்கெனவே துவண்டிருப்பவர் அந்த நடுக்கத்தைப் பார்த்து, தனக்கு எதுவும் வராது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். வேளைக்கு உண்பதும் உறங்குவதும் தலைவாருவதும் அழகுக் குறிப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பிழை திருத்துநராக இருந்த அச்சகம் மூடப்பட்டு, ஏழெட்டு மாதம் வீட்டிலேயே கிடந்தேன். அழுக்கு லுங்கி, வாரக்கணக்கில் தாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏனோ என் ஒரே வெள்ளைச் சட்டையை நானே துவைத்து, வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டேன். கலக்காமல் முக்கியதில் முதுகெல்லாம் திட்டுத்திட்டாக நீலம் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிறு நீலத்தைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கிவிட்டு, சட்டையை உதறிப் போட்டேன், சரியாக வந்தது. கொடியில் அது காய்வதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. வேலை ஒன்றும் உடனே கிடைத்துவிடவில்லை. ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் முதன்முதலாக வேலை கேட்கப் புறப்பட்டேன்.

ஆகவே பள்ளி விண்ணப்பத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டு, நாளை மதியம் ஒரு தட்டை எடுத்து, சோறும் குழம்பும் காயும் பரிமாறி, உட்கார்ந்து உண்ணுங்கள். சட்டியில் மிஞ்சியதே ஆனாலும் தட்டில் போட்டு உண்ணுங்கள். முதல் சில நாள் இது வீண் வேலையாகத் தோன்றும்; வீட்டில் யாராவது ஒரு மாதிரியாகப் பார்க்கவும் கூடும். ஒரு வாரம் இது ஒன்றே போதும். ஒரே நாளில் நடைப்பயிற்சி, யோகா, நாட்குறிப்பு என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் பத்தாம் நாள் எல்லாம் ஒன்றாக நின்றுவிடும். அந்தத் தோல்வியும் உங்கள் கணக்கில் ஏறும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேலாகக் கெட்டிருந்தாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, தட்டும் சீப்பும் போதா, மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

தட்டு பழகியபின், காலையில் உண்டு, தலைவாரி, கும்பகோணத்துக்கு டவுன் பஸ் ஏறுங்கள். சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லையாதலால் காசைச் சாக்குச் சொல்ல முடியாது. வங்கியில் பணம் எடுக்கும் படிவம் இரண்டு வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். கணக்கு டீச்சர்தானே, தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில் நீங்கள் தடுமாறமாட்டீர்கள்.