மகளை அமெரிக்காவுக்கு அனுப்பும் அப்பாவுக்கு: விசா, வேலை, கிரீன் கார்டு

வணக்கம் அய்யா.

சனிக்கிழமை நீங்களும் மகளும் வந்துபோன பிறகு, நீங்கள் கேட்டதையெல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்தேன். வெளியே இன்னொரு குடும்பம் காத்திருந்ததால் பாதிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை எழுதி அனுப்புகிறேன். வீட்டில் அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

"படிப்பு ரெண்டு வருஷம், அப்புறம் வேலை, அப்புறம் கிரீன் கார்டு. மொத்தம் எத்தனை வருஷம் சார்?" என்று ஒரே மூச்சில் கேட்டீர்கள். ஈரோட்டில் ஏறினால் சென்னையில் இறங்கிவிடலாம் என்று சொல்லத் தோதான பயணம் இல்லை இது. இடையில் மூன்று இடத்தில் இறங்கி, புதிதாக டிக்கெட் எடுத்து ஏற வேண்டும். அடுத்த வண்டியில் இடம் கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஆனால் முதல் டிக்கெட் எடுத்தபோது கொடுத்த விவரத்தைக் கடைசி வண்டிக்காரரும் எடுத்துப் பார்ப்பார். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இப்போது பாப்பாவுக்குக் கேட்கப் போவது எஃப்-1 விசா, அதாவது படிப்பதற்கான அனுமதி. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. விசா கேட்டு வருகிறவர் அங்கேயே குடியேற வருகிறார் என்றுதான் அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு கேட்பவருடையது. மறுக்கப்படும் மாணவர் விசாக்களில் பெரும்பாலானவை இந்தப் பிரிவில்தான் போகின்றன. மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. திரும்பவும் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். விசா கட்டணம் 185 டாலர், செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் இவை திரும்பக் கிடைக்காது.

சென்னை அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மூன்று நான்கு கேள்விதான் கேட்பார். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், யார் பணம் கட்டுகிறார்கள், முடித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய். சனிக்கிழமை நானும் பாப்பாவிடம் இதே கேள்விகளைக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் பதில் சொன்னீர்கள், அவள் உங்கள் முகத்தைப் பார்த்தாள். உங்கள் பாசம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த ஜன்னல் முன்னால் அவள் தனியாக நிற்பாள். இந்த வாரம் அவளைப் பேசவிட்டு நீங்கள் கேளுங்கள். எதற்குப் படிக்கப் போகிறாள் என்று அவளுக்கே தெளிவானால், பதிலை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே வராது.

அடுத்து, அந்த ஏஜெண்ட் எழுதிக் கொடுத்த தாள். மஞ்சப்பையில் இருந்து அதை எடுத்து மேசையில் வைத்தபோது உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதனால்தான் அன்றைக்கு உடனே சொல்லத் தயங்கினேன். இப்போது சொல்லிவிடுகிறேன். அதில் மூன்று வரிகள் எனக்குப் பயமாக இருந்தன.

முதல் வரி, 'விசா கேரண்டி'. விசா கொடுப்பது தூதரக அதிகாரியின் முடிவு, அதற்கு வெளியாள் யாரும் உத்தரவாதம் தர முடியாது. இரண்டாவது, 'பேங்க் பேலன்ஸ் நாங்கள் காட்டிக்கொள்கிறோம், இரண்டு சதவீதம்'. யாரோ ஒருவர் பணத்தை உங்கள் கணக்கில் சில வாரம் போட்டு எடுப்பது நம் ஊரில் சர்வசாதாரணம் என்று எனக்கும் தெரியும். ஆனால் விசாவுக்காகப் பொய்யான ஆவணம் காட்டியது தெரிந்தால், அமெரிக்கச் சட்டப்படி ஆயுளுக்கும் நுழையத் தடை விழும். பிடிபடுவது இன்றைக்கே என்றில்லை. பத்து வருஷம் கழித்து கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி அதே கோப்பைத்தான் திறப்பார். உங்களிடம் முறையாக வந்த கல்விக் கடன் கடிதமே இருக்கிறதே அய்யா, அது போதும். அடமானம் வைத்த நிலப் பத்திரத்தின் நகலும் இருக்கிறது. உள்ளதைக் காட்டினாலே நிற்கும் ஒரு விண்ணப்பத்தில் இல்லாததை ஏன் சேர்க்க வேண்டும்?

மூன்றாவது வரிதான் ரொம்ப மோசம்: 'முதல் நாளிலிருந்தே வேலை அனுமதி உள்ள காலேஜ்'. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். படிப்பின் அங்கமாக வெளியில் பயிற்சி பெற சிபிடி என்று ஓர் அனுமதி உண்டு. பொதுவாக ஒரு கல்வியாண்டு முடித்த பிறகுதான் அது கிடைக்கும். பாடத்திட்டமே உடனடிப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் மேற்படிப்புகளுக்கு மட்டும் விலக்கு. இந்த விலக்கை வைத்துச் சில கல்லூரிகள் பெயருக்கு வகுப்பு வைத்து வேலை அனுமதியை விற்கின்றன. 2011இல் கலிஃபோர்னியாவில் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் என்ற ஒன்றை மூடினார்கள். அங்கே சேர்ந்த நம் நாட்டுப் பிள்ளைகள் சிலருடைய கணுக்காலில் கண்காணிப்பு ரேடியோ கருவியைக் கட்டினார்கள், நாடே கொதித்தது. 2019இல் மிச்சிகனில் 'ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்' வெளிச்சத்துக்கு வந்தது. ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. குடிவரவு அதிகாரிகளே வலை விரிக்க உருவாக்கிய போலிப் பல்கலைக்கழகம் அது. முதலில் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். அவர்களுடைய அப்பாக்களும் உங்களைப் போல நிலத்தை வைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். பாப்பாவுக்கு இடம் கொடுத்திருப்பது நல்ல மாநிலப் பல்கலைக்கழகம். ஏஜெண்ட் சொல்லும் கல்லூரிக்கு மாற்றவே வேண்டாம்.

சரி, படிக்கும்போது வேலை செய்யலாமா என்றீர்கள். வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம், விடுமுறையில் முழு நேரம். வெளியே பெட்ரோல் பங்க், ஹோட்டல், கடை எதுவும் கூடாது. கையில் பணம் வாங்கிக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று சீனியர்கள் சொல்வார்கள். பின்னால் ஒரு படிவத்தில் 'அனுமதியில்லாமல் வேலை செய்தது உண்டா' என்று கேட்பார்கள். அன்றைக்கு ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் எழுத வேண்டி வரும்.

படிப்பு முடிந்ததும் ஓபிடி. விசா மாறாமலேயே படித்த துறையில் 12 மாதம் வேலை பார்க்கும் அனுமதி அது. அவள் படிப்பது டேட்டா சயின்ஸ். பல்கலைக்கழகம் தரும் ஐ-20 தாளில் போட்டிருக்கும் பாட எண் அறிவியல்-தொழில்நுட்பப் பட்டியலில் இருப்பதால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். ஆனால் நீட்டிப்புக்கு வேலை கொடுக்கும் நிறுவனம் இ-வெரிஃபை என்ற, ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசு முறையில் பதிந்திருக்க வேண்டும். முதல் ஆண்டில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் அனுமதி பறிபோகும். நீட்டிப்பையும் சேர்த்தால் 150 நாள். விண்ணப்பத்தைப் படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்த 60 நாளுக்குள் போட வேண்டும். பட்டமளிப்பு முடியட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைக் கோட்டைவிட்ட பிள்ளைகள் உண்டு. பல்கலைக்கழகத்தில் டிஎஸ்ஓ என்று, வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் ஓர் அலுவலர் இருப்பார். வீடு மாறினால் பத்து நாளுக்குள், பாடத்தைக் குறைப்பதென்றால் அதற்கு முன்பே, அவரிடம் சொல்ல வேண்டும். முதல் வாரமே போய் அவரைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள்.

கடனைப் பற்றி என் கருத்து இதுதான். மாதத் தவணையை மூன்று வருஷ ஓபிடியை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். முதல் 12 மாதத்தை மட்டும் வைத்துப் போடுங்கள். அதுவும் சரியாக வராமல் பாப்பா ஊர் திரும்பி சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்தால் எவ்வளவு கட்ட முடியும் என்றும் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகை தாங்கும் என்றால் தைரியமாக அனுப்புங்கள். தாங்காது என்றால் இரண்டாவதாக இடம் கிடைத்த, செலவு குறைவான பல்கலைக்கழகத்தை மறுபடி யோசிக்கலாம்.

அடுத்தது எச்-1பி, அதாவது வேலை பார்ப்பதற்கான விசா. இதற்கு நிறுவனம்தான் மனுப் போட வேண்டும். ஆண்டுக்கு 65,000 பேருக்கு, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. மார்ச்சில் பதிவு, கிடைத்தால் அக்டோபர் 1 முதல் வேலை. இவ்வளவு காலமும் வெறும் குலுக்கலாக இருந்தது. 2026இலிருந்து சம்பள நிலை உயர உயர வாய்ப்பு கூடும்படி மாற்றியிருக்கிறார்கள். புதிதாக வேலையில் சேருகிறவர்களுக்கு இது பாதகம்தான். 2025 செப்டம்பரில் வந்த, புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பயந்தேன் என்றீர்கள். அமெரிக்காவுக்குள்ளேயே இருந்து மாணவர் நிலையிலிருந்து எச்-1பிக்கு மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கம் கொடுத்தார்கள். பல்கலைக்கழகங்களும் லாப நோக்கில்லாத ஆராய்ச்சி நிறுவனங்களும் இந்த எண்ணிக்கை வரம்புக்குள் வராது, குலுக்கலும் இல்லை. சம்பளம் கொஞ்சம் குறையும். பாப்பாவுக்கு ஆராய்ச்சியில் ஆசை இருக்கிறது என்று சொன்னாளே, அதை விட்டுவிட வேண்டாம். யாராவது 'பணம் கட்டு, எச்-1பி போட்டுத் தருகிறோம்' என்றால் விலகிவிடச் சொல்லுங்கள். மனுவுக்கான வக்கீல் செலவும் அரசுக் கட்டணமும் நிறுவனத்தின் பொறுப்பு.

இனி கிரீன் கார்டு. உங்கள் மஞ்சப்பையில் எனக்கு வியப்பாக இருந்த ஒரு காகிதத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்கு சுமார் 1,40,000. இது 1990ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த அளவு. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அதனால் நம்மவர்கள் வரிசை நீண்டுகொண்டே போகிறது. முதுகலை படித்தவர்கள் பெரும்பாலும் நிற்கும் இபி-2 வரிசையில், 2025 இறுதியில் 2013இல் மனுப் போட்ட இந்தியர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. இன்றைக்குப் புதிதாகச் சேர்கிறவருக்கு எத்தனை பத்தாண்டு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் அய்யா, கணக்கு குடியுரிமையை வைத்து இல்லை, பிறந்த நாட்டை வைத்து. பையின் அடியில், நான்காக மடித்து, மடிப்பு கிழிந்து, செலோடேப் ஒட்டி மஞ்சளாகிப்போன ஒரு பிறப்புச் சான்றிதழ் இருந்தது. பிறந்த இடம் மஸ்கட். "நான் அங்க வேலை பார்த்தப்ப பொறந்தா சார், இதனால ஏதாவது சிக்கல் வருமா?" என்று கேட்டீர்கள். சிக்கல் இல்லை. பாஸ்போர்ட் இந்தியாவுடையதாக இருந்தாலும் வரிசையில் பாப்பா ஓமன் நாட்டுக் கணக்கில் வருவாள். அந்த வரிசையில் 2025இல் 2023, 2024 மனுக்களுக்கு முறை வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஈரோட்டில் பிறந்த உங்கள் பையன் நாளைக்கு அங்கே போனால் இந்திய வரிசையில்தான் நிற்பான். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே படிப்பு, ஆனால் வரிசை வேறு. பாப்பா கல்யாணம் செய்துகொள்பவர் இந்தியாவில் பிறந்தவராக இருந்தாலும், மனைவி பிறந்த நாட்டின் கணக்கில் சேர்ந்துகொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு.

இதைக் கேட்டு ரொம்ப நம்பிக்கை வைத்துவிடாதீர்கள். வரிசையில் சேருவதற்கே ஒரு நிறுவனம் முன்வர வேண்டும். முதலில் லேபர் சான்று, அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று விளம்பரம் செய்து காட்டுவது. அதற்கே இப்போது ஒன்றரை, இரண்டு வருஷம் ஓடிவிடுகிறது. அதன் செலவை ஊழியரிடம் வசூலிக்கவும் கூடாது. பிறகு நிறுவனம் போடும் ஐ-140 மனு, கடைசியில் பாப்பா போடும் கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485. நடுவில் வேலை போனால் எச்-1பியில் இருப்பவருக்கு அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் மனுப் போட வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். விசா ஸ்டாம்பில் தேதி மிச்சம் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. அந்த ஸ்டாம்ப் உள்ளே நுழைவதற்கு மட்டும். தங்கும் உரிமையைச் சொல்வது, உள்ளே நுழையும்போது போடும் ஐ-94 பதிவும் பாப்பாவின் அன்றைய நிலையும்தான்.

அம்மா கேட்ட கேள்வி ஒன்று பாக்கி: "நாங்க எப்ப போய்ப் பார்க்கலாம்?" படிக்கும்போதே பி-2 சுற்றுலா விசாவில் போகலாம், பட்டமளிப்புக்குப் பலரும் போகிறார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது. ஏஜெண்டிடம் கொடுத்த அசல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிவிடுங்கள். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை அவர் நிரப்ப வேண்டாம், பாப்பாவே நிரப்பட்டும். அதில் கடைசி ஐந்து வருஷ சமூக வலைதளக் கணக்குகளைக் கேட்பார்கள். ஒன்றையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள், கணக்குகளைப் பொதுப் பார்வைக்கும் மாற்றி வைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் நான் ஃப்ரீதான். அவள் லேப்டாப்போடு வரட்டும், சமர்ப்பிக்கும் முன் வரிவரியாகச் சேர்ந்து படித்துவிடலாம். மஸ்கட் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். இன்னும் செலோடேப் ஒட்டாமல், மடிக்காமல், ஒரு பிளாஸ்டிக் உறையில் தனியாகப் போட்டுக் கொண்டுவாருங்கள். இரண்டு ஸ்கேன் எடுத்து ஒன்றை அவள் மெயிலிலும் ஒன்றை உங்கள் மெயிலிலும் வைத்துவிடுவோம்.