வறண்ட கால், வைகாசிக் கல்யாணம்: எதை முதலில் செய்வது?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன், வயது 32. தினமும் ஸ்கூட்டியில் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போகிறேன். மார்கழி, தைப் பனியில் முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. நகம் பட்டால் கோடு விழுகிறது. குதிகாலில் பித்தவெடிப்பு. வைகாசியில் சித்தி மகள் கல்யாணம். பார்லரில் வேக்ஸிங், பாடி பாலிஷிங், ப்ளீச், பெடிக்யூர் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். முடி நீக்கும் லேசரும் செய்துகொள்ளலாமா?

பதில்: பேக்கேஜுக்கு இப்போதே முன்பணம் கட்டிவிடாதீர்கள். மாசிதான் பிறந்திருக்கிறது, நேரம் இருக்கிறது. வறண்டு வெடித்த தோலைத் தேய்த்தாலும், மெழுகு வைத்து இழுத்தாலும், ப்ளீச் போட்டாலும் எரிச்சல் கிளம்பும். நம் மாநிறத் தோலில் எரிச்சல் ஆறின இடம் கருத்துப்போகும். அது மங்க மாதக்கணக்கில் ஆகும். கல்யாணத்துக்குப் பளபளக்க நினைத்துத் திட்டுத்திட்டாக நிற்க வேண்டாமே. முதலில் வறட்சியை ஆற்றுவோம்.

முழங்காலுக்குக் கீழே எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு. அதனால் பனிக்காலத்தில் முதலில் காய்வது அந்த இடம்தான். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து தோலில் படிவாக ஒட்டும். சாதாரண சோப்பின் பி.எச். (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 9, 10 என்று இருக்கும்; தோலுக்கு வேண்டியது 5 அல்லது 5.5. மருந்துக் கடையில் 'சின்டெட் பார்' (சோப்பு சேராத குளியல் கட்டி) என்று கேட்டு வாங்குங்கள். காலுக்குத் தினமும் சோப்பே வேண்டியதில்லை. ஹீட்டர் தண்ணீரை வெதுவெதுப்போடு நிறுத்துங்கள். பீர்க்கங்காய் நாரை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

குளித்து, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் யூரியா 10 சதவீதம் உள்ள க்ரீம் பூசுங்கள். (உரக்கடை மூட்டை ஞாபகம் வந்தால் சிரித்துவிட்டு, மருந்துக் கடைக்கே போங்கள்.) யூரியா தோலில் தண்ணீரைப் பிடித்துவைக்கும், செத்த தோலையும் மெல்ல உதிர்க்கும். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை. குதிகாலுக்கு 20 அல்லது 25 சதவீதம் உள்ளதை இரவில் பூசி, பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வெடிப்பு ஆழமாக இருந்தால் யூரியா எரியும். அது மூடும்வரை வெறும் வாசலின் போதும். தேங்காய் எண்ணெய் தப்பில்லை. ஆனால் அது இருக்கிற ஈரத்தைப் பூட்டுமே தவிர, புதிதாக ஈரம் தராது. காய்ந்த காலில் தடவினால் பயன் குறைவு.

பங்குனி வெயில் ஏறினதும் கெட்டியான க்ரீமை விட்டு லோஷனுக்கு மாறுங்கள், இல்லையென்றால் வேர்க்குரு வரும். ஸ்கூட்டியில் போகும்போது புறங்காலுக்கும் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் வேண்டும். செருப்பு வார் தடம் காலில் பதிவதே அந்த வெயிலால்தான். வார் படுகிற இடத்தில் மட்டும் அரித்துக் கருத்தால், வெயிலை விட்டுவிட்டுச் செருப்பைச் சந்தேகப்படுங்கள். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சிலருக்கு ஒவ்வாது. தோல் ஆலைகள் உள்ள ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! சில வாரம் துணிச் செருப்பு போட்டுப் பாருங்கள். கணுக்கால் எலும்பு மேலுள்ள கருப்பு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உரசியதாக இருக்கலாம். அதற்கு ப்ளீச் உதவாது, ஒரு மெத்தை உதவும்.

இனி பார்லர். லேசரை இப்போது தொடங்க வேண்டாம். 6 முதல் 8 அமர்வு வரை ஆகும், ஒவ்வொன்றுக்கும் நடுவே 4 வாரமாவது இடைவெளி வேண்டும். வைகாசிக்குள் முழுதாக முடியாது. வெயிலில் கருத்த தோலில் லேசர் பட்டால் சூட்டுக் காயம் ஏற்படவும் வாய்ப்புண்டு. ஐப்பசிக்கு மேல் தோல் மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள். அதற்கு முந்தின ஒரு மாதம் வேக்ஸிங் கூடாது, ஷேவிங் மட்டும்தான். முடியின் வேர் உள்ளே இருந்தால்தான் லேசருக்கு வேலை.

ப்ளீச்சைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பாடி பாலிஷிங் பிரியப்பட்டால் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, மென்மையாக ஒரு முறை. வேக்ஸிங் நான்கு நாள் முன்பு. அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே யூரியாவை நிறுத்துங்கள். வேக்ஸிங் முடிந்து ஒரு நாள் வெந்நீர், வெயில், மஞ்சள் தேய்ப்பது எதுவும் வேண்டாம். பெடிக்யூரில் பிளேடை எடுத்தால் காலை இழுத்துக்கொள்ளுங்கள். கூட வரும் அம்மாவுக்கு சர்க்கரை இருந்தால் அவருக்கு இந்த பெடிக்யூரே வேண்டாம். உணர்ச்சி மரத்த காலில் சின்னக் கீறலும் புண்ணாகிவிடும்.

பங்குனி முடிந்தும் வறட்சி அசையாமல் இருந்தால், கூடவே அசதி, எடை ஏறுதல், முடி கொட்டுதல் என்று இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். சிறு வயதிலிருந்தே மீன் செதில் மாதிரி இருந்தால் அது பரம்பரை வறட்சி. கோடையில் தானே குறையும், பனிக்கு மறுபடி வரும்; க்ரீமை விடவே கூடாது.

கடைசியாக மருதாணி. அரைத்த இலை என்றால் கவலையில்லை. சீக்கிரம் கருகருவென்று பிடிக்கும் என்று விற்கிற கறுப்புக் கோனில் தலைச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்கக்கூடும். போட்ட கோலத்தின் அச்சிலேயே கொப்புளம் கிளம்பும். அதை வாங்காதீர்கள், மணப்பெண்ணிடமும் சொல்லிவையுங்கள்.