வாடகை நோட்டைப் பத்திரப்படுத்துங்கள்

கேள்வி: திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். ஒப்பந்தம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. வாடகையைக் கையில் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். வீட்டுக்காரர் காலமானபின் பொறுப்பேற்ற அவர் மகன், மெட்ரோ வந்ததால் பகுதியின் நிலவரமே மாறிவிட்டது என்றும், 7,500 ரூபாய் வாடகையை அடுத்த மாதம் முதல் 13,000 ஆகத் தரவேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார். அவரால் எங்களை வெளியேற்ற முடியுமா?
– வாசகி, சென்னை

பதில்: அவராகவே உங்களை வெளியேற்ற முடியாது. பழைய 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டத்தின்படி, குடியிருப்பவரைக் காலி செய்யவைக்கும் உத்தரவை வாடகை நீதிமன்றம்தான் பிறப்பிக்க வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி உங்களை நெருக்கினால், அவற்றை மீட்டுத் தரும்படி வாடகை அதிகாரியிடம் நீங்கள் மனுக் கொடுக்கலாம்.

ஆனால் இதோடு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இல்லாததையே காரணமாகக் காட்டி, வீட்டைத் திரும்பக் கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போகவும் அதே சட்டம் வீட்டு உரிமையாளருக்கு வழி வைத்திருக்கிறது. வாய்ச்சொல்லை நம்பிப் பல ஆண்டுகள் ஒழுங்காக வாடகை கொடுத்துவந்த குடும்பங்கள்தாம் இந்த இடத்தில் தடுமாறிப் போகின்றன. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் எழுந்த கவலை இதுதான்.

எனவே அவர் மகனிடம் சண்டைக்குப் போகாமல், ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் மெட்ரோ ஓடத் தொடங்கியபின், உயர் நீதிமன்றத்துக்கும் சென்ட்ரலுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் தெருக்களில் வீடு தேடி வருவது இயல்புதான். வாடகை ஏறாது என்று நான் சொல்லமாட்டேன். ஒரே மாதத்தில் 5,500 ரூபாய் ஏற்றுவது நியாயமில்லை என்பதை எடுத்துச் சொல்லி, இப்போது எவ்வளவு, அதன்பின் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைப் பேசி முடித்து, எழுதிக் கையெழுத்திட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை என்று புரோக்கர்கள் இன்றும் சொல்வதை நம்ப வேண்டாம்.

வீட்டை இடித்துக் கட்ட பில்டரிடம் கொடுக்கும் எண்ணம் அவருக்கு இருக்கிறதா என்றும் நேராகக் கேட்டுவிடுங்கள். இருந்தால், வேறு வீடு பார்க்க எத்தனை மாதம் தருவார், அட்வான்ஸ் எப்போது கைக்கு வரும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறவர்கள் என்றால், கல்வியாண்டின் நடுவில் வீடு மாறும்படி ஆகாமல் இருக்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூலை மடங்கி, கையெழுத்து மங்கிப்போயிருந்தாலும் அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரியவரின் ஒவ்வொரு கையெழுத்தும் நீங்கள் தவறாமல் வாடகை கொடுத்ததற்குச் சாட்சி. எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து வைத்துவிட்டு, இனிமேல் வாடகையை வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள்.

கேள்வி: தண்டையார்பேட்டையில் புதிய அடுக்குமாடியில் வீடு பார்த்திருக்கிறோம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். சட்டம் மூன்று மாதம்தான் என்கிறதே?
– வாசகர், பெரம்பூர்

பதில்: மூன்று மாதம் என்பது, அதற்கு மாறான ஒப்பந்தம் இல்லாதபோதுதான் பொருந்தும். பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், பிறகு அந்த வரம்பைக் காட்டிப் பேச முடியாது. ஆகவே பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்புதான். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். வெள்ளையடிக்கும் செலவு என்று அதில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்; குடிபுகும் அன்று சுவர்களையும் குழாய்களையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.