சனிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வியாழக்கிழமை மகளின் படிப்பு பற்றி ஆலோசனை கேட்க அவளோடு என்னிடம் வந்திருந்தீர்கள். அடுத்தவர் காத்திருந்ததால் பேச்சு பாதியில் நின்றுபோனது. மீதியை எழுதி அனுப்புகிறேன்.

“மூணாவது வருஷம் மேடம். 8.1 இருந்த சிஜிபிஏ 7.6 ஆயிடுச்சு. சனிக்கிழமை ஆனா பொண்ணுங்களச் சேத்துக்கிட்டு சைபர் செக்யூரிட்டின்னு ஏழு மணி வரைக்கும் காலேஜ்லயே கெடக்குறா. பிளேஸ்மென்ட் வர்ற நேரத்துல இது தேவையா?” என்று கேட்டீர்கள். தேவை என்றுதான் சொல்வேன். ஆனால் இப்போது நடக்கிற விதத்தில் ஒரு மாற்றம் வேண்டும்.

நீங்கள் மார்க்‌ஷீட் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்த கால் மணி நேரத்தில், “கூட்டத்தில் என்னதான் செய்கிறீர்கள், காட்டு பார்க்கலாம்” என்றேன். லேப்டாப்பைத் திறந்து ‘பேண்டிட்’ என்ற இலவசப் பயிற்சியைக் காட்டினாள். எங்கோ ஒளிந்திருக்கும் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தால்தான் அடுத்த லெவலுக்குப் போக முடியும். தொடக்கத்திலேயே ஒரு ஃபைல் வருகிறது. அதன் பெயர் வெறும் ஒரு சிறு கோடு, ஹைஃபன். வழக்கம்போல ‘கேட்’ என்ற கட்டளையை அடித்துப் பக்கத்தில் அந்தக் கோட்டைப் போட்டால் திரை அப்படியே நின்றுவிடும். கீபோர்டிலிருந்து வருவதைப் படிக்கச் சொல்கிறார்கள் என்று அந்தக் கட்டளை எடுத்துக்கொள்வதுதான் காரணம். கோட்டுக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்த்தால், இந்த ஃபோல்டரில் இருக்கும் ஃபைலைத்தான் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டு பாஸ்வேர்டைக் காட்டிவிடும்.

டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் (லேட்டரல்) சேர்ந்த பெண் ஒருத்தி இந்த இடத்தில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டாளாம். விடை தெரிந்த நாலு பேர் சுற்றி இருந்தும் யாரும் கை நீட்டவில்லை. “அதுதான் மேடம் எங்க ரூல். கேள்வி கேக்கலாம், க்ளூ குடுக்கலாம். அடுத்தவ கீபோர்டுல மட்டும் கை வைக்கக் கூடாது” என்றாள்.

அம்மா, இந்த ஒரு விதியைக் கேட்டதும் எனக்கு அவள்மீது பெரிய மரியாதை வந்துவிட்டது. ஏனென்றால் இதற்கு நேர்மாறானதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சைபர் செக்யூரிட்டி போட்டிக்கு நாலு பையன்களும் ஒரு பெண்ணும் சேர்வார்கள். “நீ பிபிடி பாத்துக்கோ, ரிப்போர்ட் எழுதிடு” என்று அவளிடம் தள்ளிவிடுவார்கள். பையன்கள் கெட்டவர்கள் இல்லை. நேரம் ஓடுகிறது, வேகமாக அடிப்பவன் கீபோர்டை வாங்கிக்கொள்கிறான். என்னிடம் வந்த ஒரு மாணவியிடம் மூன்று போட்டிச் சான்றிதழ்கள் இருந்தன. இன்டர்வியூவில் ஒரு லாக் ஃபைலை, அதாவது கம்ப்யூட்டரில் நடந்தவை பதிவாகும் ஃபைலைக் காட்டி, இதில் சந்தேகப்படும்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அவள் அதுவரை ஒரு லாக்கைக்கூடத் தானாகத் திறந்து பார்த்ததில்லை. என் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

இப்படிப் பெண்கள் சேர்ந்து கற்பது உங்கள் மகள் கண்டுபிடித்த வழியும் இல்லை. அமெரிக்காவில் அம்பரீன் சிராஜ் என்ற பேராசிரியை 2012-ல் தொடங்கிய ‘விமன் இன் சைபர்செக்யூரிட்டி’ அமைப்புக்கு இன்று பல கல்லூரிகளில் மாணவர் கிளைகள் உண்டு. நம் பக்கத்துக் கேரளத்திலேயே அம்ரிதா பல்கலைக்கழக மாணவிகளின் ‘டீம் சக்தி’, பெண்களுக்கென்றே சிடிஎஃப் போட்டி, அதாவது பேண்டிட் மாதிரி ஒளித்து வைத்த விடையைக் கண்டுபிடிக்கும் போட்டி நடத்தியிருக்கிறது.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். “நீ இப்போ எந்த லெவல்ல இருக்கே?” என்று அவளைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு மாதமாக அதே லெவல்தானாம். ஹாலுக்குப் பெர்மிஷன் லெட்டர், போஸ்டர், கூகுள் ஃபார்ம், சர்டிஃபிகேட், வாட்ஸ்அப் குரூப்பில் பதில் என்று அத்தனையும் இவள் தலையில். மற்றவர்களின் கீபோர்டைக் காக்கிற பெண்ணுக்குத் தன் கீபோர்டில் உட்கார நேரமில்லை. மார்க் குறைந்ததும் இதனால்தான்.

ஆகவே நீங்கள் கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் இதுதான். கூட்டம் நடக்கட்டும், எடுபிடி வேலையை ஜூனியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கட்டும். இன்டர்னல் தேர்வு வாரத்தில் கூட்டம் வேண்டாம். பல கம்பெனிகள் 60 சதவீதம் என்றோ 7 சிஜிபிஏ என்றோ ஒரு கட்-ஆஃப் வைக்கின்றன. அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. 7.6 அதற்குப் போதும், இன்னும் இறங்க விடக் கூடாது. தினமும் ஒரு மணி நேரம் அவள் தனியாகப் பயிற்சி செய்து, எதை முயன்றாள், எங்கே தப்பானது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து இன்டர்வியூவில் பேச வைக்கப்போவது அந்த நோட்டுதான். காசு கட்டிச் சர்டிஃபிகேட் கோர்ஸ் இப்போது வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதை முடிக்கவே ஒரு வருடம் ஆகும்.

இன்னொரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே முடியாது. காலேஜ் வெப்சைட்டில் ஓட்டை இருக்கிறதா பார்க்கலாம் என்று கூட்டத்தில் யாராவது ஆரம்பிப்பார்கள். அனுமதி இல்லாமல் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோகூட வரலாம். பயிற்சிக்கென்று திறந்து வைத்திருக்கும் தளங்களைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்பதை இரண்டாவது விதியாக எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

நைட் ஷிஃப்ட் பற்றியும் கேட்டீர்கள். மறைக்க விரும்பவில்லை, இருக்கிறது. சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் உத்தரவிட்டது. ராத்திரி என்று தூங்கிவிட முடியாது. சென்னை ஓஎம்ஆர் சாலை ஐடி கம்பெனிகளில் கண்காணிப்பு வேலையில் சேர்ந்தால் முதல் சில வருடம் ஷிஃப்ட் சுழலும். ஆஃபரில் கையெழுத்துப் போடுமுன் கேப் வசதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தணிக்கை, ஆப் பாதுகாப்பு, தடயவியல் போன்ற பிரிவுகளில் பெரும்பாலும் பகல் வேலைதான்.

ஏழு மணிக்கு மேல் பெரம்பூர் திரும்புவது உங்களுக்குப் பயமாக இருப்பது நியாயமே. கூட்டத்தை இரண்டிலிருந்து ஐந்துக்கு மாற்றச் சொல்லுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை உங்கள் வீட்டு ஹாலையே கொடுத்துப் பாருங்களேன். அன்றைக்குத் தெருப் பெண்கள் நாலு பேரை அழைத்து, பணம் வாங்க யுபிஐ பின் போட வேண்டியதே இல்லை என்பதையும், ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் இந்தப் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள்.

தரமணியில் 2002 முதல் இயங்கும் செட்ஸ் என்ற இணையப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதலாம் என்றிருக்கிறேன். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு இருவரும் வாருங்கள். மார்க்‌ஷீட் வேண்டாம், ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது. அந்த நோட்டில் முதல் நாலு பக்கமாவது எழுதி எடுத்து வரச் சொல்லுங்கள்.