மதியம் வரை மாறாத பில்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும் இருக்கின்றன. காலை 8 மணிக்கு உபுண்டுவைத் திறந்து சி++ புராஜெக்டை ஒரு தடவை மேக் (சோர்ஸ் கோடை ஓடும் மென்பொருளாக்கும் வேலையை நடத்தும் கருவி) கொடுத்து பில்டு செய்வேன். அப்புறம் போன் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டு வேலையில் இறங்குவேன். அதற்குப் பிறகு எதை மாற்றி சேவ் செய்தாலும் ‘அப் டு டேட்’ என்றே மேக் சொல்கிறது. மதியம் 12 மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. 8.40-க்கு ஓட்டியபோது, ஒரு ஃபைல் ‘12060 விநாடி எதிர்காலத்தில்’ இருப்பதாக எச்சரிக்கை வந்தது. மேக்ஃபைலில் என்ன பிழை?
– வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: மேக்ஃபைலில் (மேக்குக்கான விதிகள் உள்ள ஃபைல்) பிழை இல்லை, அதைத் தொடாதீர்கள். கோளாறு கடிகாரத்தில். அந்த 12060-ஐயே கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 மணி 21 நிமிடம். 8.40-உடன் கூட்டினால் 12.01. அதாவது, நீங்கள் 8.01-க்கு உருவாக்கிய ஃபைலின் மேல் 12.01 என்று முத்திரை விழுந்திருக்கிறது. வித்தியாசம் சரியாக 4 மணி நேரம். மொரீஷியஸ் நேரம் உலகப் பொது நேரத்தைவிட அவ்வளவுதான் முன்னால் இருக்கிறது.

மதர்போர்டில் பேட்டரியில் ஓடும் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கிறது. லினக்ஸ் (உபுண்டு அதன் ஒரு வகை) அதே எண்ணை உலகப் பொது நேரம் என்று படித்து, மேலே இன்னொரு 4 மணி நேரத்தைக் கூட்டிக்கொள்கிறது. இணையம் கிடைத்ததும் நேரம் திருத்தப்படுகிறது. ஆனால் அதற்குள் பிறந்துவிட்ட ‘.ஓ’ ஃபைல்கள் (சோர்ஸ் ஃபைலிலிருந்து கம்பைல் ஆகி வருபவை) 12.01 முத்திரையோடு அப்படியே நிற்கும். மேக் ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை, நேரத்தை மட்டுமே ஒப்பிடும். 8.40-க்குத் திருத்திய சோர்ஸ் ஃபைல் 12.01-ஐ விடப் பழையது, ஆகவே செய்ய வேலை இல்லை என்று முடிவு கட்டுகிறது. மதியம் 12 தாண்டியதும் கோளாறு மறைவது இதனால்தான்.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி: உபுண்டுவில் இணையத்தோடு கால் மணி நேரம் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்கு மாறுங்கள். லினக்ஸ் தன் பங்குக்கு உலகப் பொது நேரத்தை அந்தக் கடிகாரத்தில் திருப்பி எழுதியிருக்கும். விண்டோஸ் 4 மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் வேறு சாட்சி வேண்டாம்.

விண்டோஸைத்தான் மாற்ற வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், டைம் ஸோன் இன்ஃபர்மேஷன் என்று வரிசையாக உள்ளே போங்கள். அங்கே ‘ரியல் டைம் இஸ் யூனிவர்சல்’ என்ற பெயரில் (சொற்களுக்கிடையே இடைவெளி கூடாது) ஒரு டிவேர்டு (எண் மதிப்பு) உருவாக்கி மதிப்பை 1 ஆக்குங்கள். உபுண்டுவில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 0’ கொடுங்கள். அலுவலக லேப்டாப், ரெஜிஸ்ட்ரியைத் தொட அனுமதி இல்லை என்றால் 0-க்குப் பதில் 1 கொடுத்து லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு இறங்கிவரச் செய்யலாம். கோடைகால நேர மாற்றம் உள்ள நாடுகளில் இந்த வழி ஆண்டுக்கு இரண்டு முறை குழப்பும். மொரீஷியஸ் 2008–09-இல் ஒரே ஒரு கோடைக்கு அதை முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டது, ஆகவே இங்கே அந்தத் தொல்லை இல்லை.

கடிகாரம் சரியானதும் பழைய ‘.ஓ’ ஃபைல்களை ‘மேக் க்ளீன்’ கொடுத்து அழியுங்கள். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எதிர்கால முத்திரை உள்ள ஃபைல்களையெல்லாம் தேடி ‘டச்’ கொடுத்து இன்றைய நேரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சோர்ஸ் ஃபைலுக்கு அது சரி. ‘.ஓ’ ஃபைலுக்குச் செய்தால், பழைய சரக்கு புது முத்திரையோடு உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் காலையில் செய்த திருத்தம் மதியத்துக்கு மேலும் உள்ளே போகாது.

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருளில் வரி விகிதத்தை ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் ஹெடர் ஃபைலாக (சி கோடு உள்ளே சேர்த்துக்கொள்ளும் ஃபைல்) எழுதித் தருகிறது. சென்னையில் இருக்கும் நண்பர் பில்டு செய்தால் 8.5% சரியாக வருகிறது. என் பிரெஞ்சு உபுண்டுவில் அதே கோடு வரியைச் சுழியம் என்கிறது. கம்பைல் எந்தப் பிழையும் காட்டவில்லை.
– வாசகர், சேன் ஆந்த்ரே, ரீயூனியன்

பதில்: உருவான ஹெடரை முதலில் திறந்து பாருங்கள். 0.085 இருக்க வேண்டிய இடத்தில் ‘0,000’ என்று கமாவோடு இருக்கும். பிரெஞ்சு அமைப்பில் தசமப் புள்ளி என்பது கமா. எண்ணை வடிவமைத்து எழுதும் பாஷின் ‘பிரின்ட்எஃப்’ கட்டளை அந்த அமைப்பைப் பின்பற்றுவதால் 0.085 என்ற எண் அதற்குப் புரியவில்லை. பிழைச் செய்தி ஒன்றைத் திரையில் போட்டுவிட்டு, படிக்க முடிந்த சுழியத்தை மட்டும் எழுதிவிடுகிறது. நூறு வரி பில்டு லாகில் அந்தச் செய்தி யார் கண்ணிலும் படாது.

அடுத்தது இன்னும் மோசம். ‘வரி = தொகை * 0,000;’ என்ற கோடு சி மொழியில் செல்லுபடியாகும். கமாவுக்கு முன்னால் உள்ளதை ‘வரி’ என்ற மாறியில் வைத்துவிட்டு, பின்னால் உள்ளதைக் கணக்கிட்டுத் தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் கம்பைலர் தடுக்கவில்லை. கம்பைலருக்கு ‘-டபிள்யூஆல்’ (எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்வது) போட்டிருந்தால், கமாவின் வலப்பக்கம் பயனற்றது என்று எச்சரித்திருக்கும். போட்டுவிடுங்கள்.

ஸ்கிரிப்டின் தலையில் ‘எக்ஸ்போர்ட் எல்சி_நியூமரிக்=சி’ (எண்களுக்கு மட்டுமான மொழி அமைப்பு) சேருங்கள். எல்லா மொழி அமைப்புகளையும் சேர்த்து ஆளும் எல்சி_ஆல் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தால் அதுதான் மேலோங்கும். அதை முதலில் ‘அன்செட்’ செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் எல்சி_ஆல்=சி என்று வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: பிரெஞ்சு உயிரெழுத்துக் குறிகளும் தமிழும் உள்ள ஃபைல் பெயர்களில் அது வேறு சிக்கல் தரும். கையோடு ‘செட் -ஈ’ வரியையும் சேர்த்து, எண்ணைத் தனி வரியில் ஒரு மாறியில் வாங்குங்கள். அப்போதுதான் பிரின்ட்எஃப் தோற்ற இடத்திலேயே பில்டு நிற்கும். எக்கோவுக்குள் பொதிந்து வைத்தால் நிற்காது. கடைசியாக, பழைய ஹெடரைக் கையால் அழியுங்கள். மொழி அமைப்பு மாறியது மேக்குக்குத் தெரியாது.

கேள்வி: லோட் ஷெடிங்கில் பில்டு நடுவே கரண்ட் போனால், திரும்ப வந்ததும் லிங்கர் (‘.ஓ’ ஃபைல்களை ஒன்றாக இணைக்கும் கருவி) ‘ஃபைல் ட்ரங்கேட்டட்’, அதாவது ஃபைல் பாதியில் முடிகிறது, என்கிறது. ஒவ்வொரு முறையும் முழு பில்டையும் அழிக்கத்தான் வேண்டுமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வேண்டாம். கரண்ட் போன நொடியில் பாதி எழுதப்பட்ட ‘.ஓ’ ஃபைல்கள்தான் பிரச்சினை. அவை சோர்ஸைவிடப் புதியவை என்பதால் மேக் திரும்ப உருவாக்குவதில்லை. பல ஃபைல்கள் 0 பைட்டாகக் கிடக்கும், ஆனால் அவற்றை மட்டும் அழித்தால் போதாது; பாதி நிரம்பியவையும் இருக்கலாம். 2 மணி நேரம் கரண்ட் இல்லை என்றால் ‘ஃபைண்ட்’ கட்டளையில் ‘-எம்மின் -150’ கொடுத்து, கடந்த இரண்டரை மணி நேரத்தில் பிறந்த ‘.ஓ’ ஃபைல்களை அழியுங்கள். மேக்ஃபைலில் ‘.டெலீட்_ஆன்_எரர்’ வரி இங்கே கைகொடுக்காது: கட்டளை தோற்றால் அழிப்பதற்கு மேக் உயிரோடு இருக்க வேண்டும். உங்கள் சொந்த விதிகளில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் ‘எம்வி’ கொடுத்துப் பெயர் மாற்றுங்கள். ‘கிட் எஃப்எஸ்சிகே’-வையும் (கிட் சேமித்துள்ளவை சேதமாகாமல் இருக்கின்றனவா என்று பார்க்கும் கட்டளை) ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்; கமிட் நடுவே கரண்ட் போயிருந்தால் அங்கேயும் 0 பைட் ஃபைல் இருக்கக்கூடும்.

கேள்வி: மேக்ஃபைலை உருவாக்கித் தரும் சிமேக் கருவியின் 4-ஆம் வெர்ஷனுக்கு மாறியதும் பழைய லைப்ரரி ஒன்று ‘3.5-க்குக் கீழான இணக்கம் நீக்கப்பட்டது’ என்று நின்றுவிடுகிறது.
– வாசகர், கத்ர் போர்ன், மொரீஷியஸ்

பதில்: உடனடி வழி, ‘-டி சிமேக்_பாலிசி_வெர்ஷன்_மினிமம்=3.5’ என்று கட்டளையில் சேர்ப்பது. லைப்ரரி உங்கள் கையில் இருந்தால் அதன் குறைந்தபட்ச வெர்ஷன் வரியில் 3.1 என்பதை ‘3.1...3.10’ என்று மாற்றுங்கள். பழைய சிமேக்கும் ஏற்கும், புதியதும் ஏற்கும். 3.5 என்று மட்டும் எழுதினால் பிழை போகும், ஆனால் 3.10-க்குக் கீழ் என்பதற்கான எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும்.