காணிக்கைக் கவரை மகள் ஏன் வாசிக்கிறாள்?

கேள்வி: அக்கா, கடலூர் முதுநகர் பக்கம் எங்கள் திருச்சபையில் ஒன்றரை வருடமாக நான் பொருளாளர். சுமார் 120 குடும்பம். மாதச் சந்தாவும் கவர் காணிக்கையும் பாதியாகக் குறைந்துவிட்டன. வீட்டுக்கு வீடு பெயர் எழுதிய கவர் கொடுத்தேன், மே மாதம் பாக்கிப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன், கியூஆர் கோடும் வைத்தாயிற்று. உழைப்பில் குறையில்லை, ஞாயிறு மத்தியானம் பையை வீட்டுக்கு எடுத்து வந்து, பிளஸ் டூ படிக்கும் மகள் பெயரையும் தொகையையும் வாசிக்க வாசிக்க நோட்டில் ஏற்றிவிடுகிறேன். ஜனங்களை ஒழுங்காகக் கொடுக்க வைப்பது எப்படி?

பதில்: தம்பி, சந்தா குறைந்த கதையை எத்தனையோ பொருளாளர்கள் எனக்கு எழுதிவிட்டார்கள், எல்லோரும் கடைசியில் ஜனங்களுக்கு விசுவாசம் போய்விட்டது என்றுதான் முடிப்பார்கள். உங்கள் கடிதத்தில் மகள் வரும் அந்த ஒரு வரியிலேயே நான் நின்றுவிட்டேன். பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஓய்வுநாள் பள்ளி டீச்சர் ஐம்பது ரூபாய்தான் போடுகிறார் என்று தெரியும். எந்த விதவை இருபது ரூபாய்த் தாளை எட்டாக மடித்து வைக்கிறாள் என்று தெரியும். அடுத்த ஞாயிறு அவள் அவர்கள் பக்கத்தில் நின்று பாடுகிறாள், அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அவள் வாயே திறக்காத பிள்ளையாக இருக்கலாம், ஆனாலும் தன் இல்லாமையை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிரித்துப் படிக்க எந்தக் குடும்பம் மாதாமாதம் கவர் கொடுக்கும்?

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு போய் ஆலயத்தில் பெரிய கூடையில் கொட்டுவார். ரேஷன் அரிசியும் பொன்னியும் ஒன்றாகக் கலந்து கிடக்கும், எது யார் வீட்டு அரிசி என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பாவுக்கு வேலையில்லாத மாதங்களில் பை மெலிந்துபோகும், அம்மா அதன் வாயைக் கையால் சுருட்டிப் பிடித்தபடி சட்டென்று கொட்டிவிட்டு வருவார், ஆனால் ஒரு வாரம்கூட நிறுத்தியதில்லை. பெயர் எழுதி எடை போட்டிருந்தால் அந்த வாரமே நின்றிருப்பார்.

இன்னொன்றையும் யோசித்தீர்களா? நாளைக்குக் கணக்கு ஐந்நூறு ரூபாய் உதைத்தால் யார் பெயர் அடிபடும்? உங்களை நேராகக் கேட்க வாய் வராதவன் பிள்ளையைப் பற்றிப் பேசுவான். அப்படி ஒரு பேச்சு கிளம்பினால் அது அவள் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும். பிள்ளையை அதிலிருந்து விலக்கி வைப்பது தகப்பன் கடமை, நீங்களோ நீங்களே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்துக்கு பவுல் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்பினார், யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது என்று காரணத்தையும் எழுதினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம், 8ஆம் அதிகாரம், எடுத்துப் படியுங்கள்.

அந்த மூன்று பேர் உங்கள் சபைக்கும் வேண்டும். ஆராதனை முடிந்ததும் அங்கேயே, கதவு திறந்திருக்க, மூன்று வெவ்வேறு வீட்டு ஆட்கள் எண்ணட்டும், ஆளை வாராவாரம் மாற்றுங்கள். 500 எத்தனை, 100 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை அதே பணம் அப்படியே பாங்குக்குப் போக வேண்டும். அவசரச் செலவுக்கென்று நடுவில் ஒரு ரூபாய் எடுக்காதீர்கள். கவரில் பெயருக்குப் பதில் நம்பர். கியூஆர் யார் கணக்குக்குப் போகிறது என்று நீங்கள் எழுதவேயில்லை, அது உங்கள் சொந்தக் கணக்காக இருந்தால் இன்றைக்கே கிழித்துவிடுங்கள். போர்டில் மாதா மாதம் மொத்த வரவையும் மொத்தச் செலவையும் ஒட்டுங்கள், கரண்ட் பில் எவ்வளவு, உபதேசியார் சம்பளம் எவ்வளவு என்று ஜனங்கள் பார்க்கட்டும்.

அப்புறம் அந்தப் பட்டியல். மே மாதமாம்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது முதுநகரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஐஸ் உடைக்கிறவர், மீன் வண்டி ஓட்டுகிறவர், வலை பின்னுகிறவர் எல்லோருக்கும் கை வறண்டு கிடக்கிற நேரத்தில் பாக்கி என்று பெயரை ஒட்டினால் அவர்கள் எந்த முகத்தோடு ஆலயத்துக்கு வருவார்கள்? எந்த மாதம் எவ்வளவு முடியும் என்று அவரவரே வருட ஆரம்பத்தில் எழுதிக் கொடுக்கட்டும். சிலர் பத்து மாதம் கொடுப்பார்கள், சிலர் அறுப்பின் பண்டிகையில் மொத்தமாகக் கொடுப்பார்கள்.

அந்த நோட்டை வீட்டிலிருந்து எடுத்து ஆலயப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். மகளிடம், உன்னை இதில் உட்கார வைத்தது அப்பா செய்த தப்பு, படித்ததை யாரிடமும் சொல்லாதே என்று இன்று ராத்திரியே சொல்லுங்கள். மே மாதம் யார் யார் பெயரை ஒட்டினீர்களோ அந்த வீடுகளுக்குப் போதகரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ரசீது புத்தகம் கையில் இருக்க வேண்டாம்.